கூரை, சுவர், மழை: குனியோ மயேகவாவின் கட்டடங்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் நவீனத்துவக் கட்டடக்கலையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கென்சோ டாங்கேயிடமிருந்து தொடங்குகிறார்கள். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும், 1964 ஒலிம்பிக் போட்டிக்காக டோக்கியோவில் எழுந்த யோயோகி விளையாட்டரங்கமும் உலகெங்கும் படங்களாகப் பரவியவை. ஆகவே அப்படித் தொடங்குவதில் வியப்பில்லை. ஆனால் படிப்பை முடித்த டாங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தது யாருடைய அலுவலகத்தில் என்று பார்த்தால், கதை ஒரு தலைமுறை பின்னுக்குப் போய்க் குனியோ மயேகவாவிடம் நிற்கிறது. 1905 முதல் 1986 வரை வாழ்ந்த இவர், ஐரோப்பிய நவீனக் கட்டடக்கலையின் முன்னோடியான லெ கொர்பூசியேயின் பாரீஸ் அலுவலகத்தில் நேரடியாகப் பயின்று திரும்பி, அரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானில் இடைவிடாமல் கட்டியவர்.

மயேகவாவின் வாழ்வை இங்கே ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு உரிய நிகழ்வாக எடுத்துக்கொள்கிறேன். தட்டையான கூரை, மெல்லிய வெள்ளைச் சுவர், நீள நெடுக ஓடும் கண்ணாடிச் சன்னல் என்று ஐரோப்பாவில் உருவான ஒரு கட்டட முறை, நிலநடுக்கமும் கனத்த பனியும் நீண்ட மழைக்காலமும் கொண்ட ஒரு நாட்டில், அதுவும் எஃகும் சிமென்ட்டும் தேர்ந்த தொழிற்சாலைகளும் போதாத ஒரு காலத்தில், எப்படி நிலைபெற்றது? பாரீஸிலிருந்து ஒரு பாணியைக் கொண்டுவந்தவர் என்ற அளவில் மயேகவாவை மதிப்பிடுவது அவருக்குச் செய்யும் குறைவு. அந்தப் பாணி ஜப்பானிய மண்ணில் எங்கெங்கே ஒழுகியது, எங்கே வெடித்தது, எங்கே கறைபடிந்தது என்பதைத் தன் கட்டடங்களிலேயே கண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் தேடியதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

பாரீஸுக்குப் போன வழி

மயேகவா 1905 மே 14 அன்று நீகாதா நகரில் பிறந்தார். தந்தை உள்துறை அமைச்சகத்தில் பணியாற்றிய பொதுப்பணிப் பொறியாளர். தாயின் குடும்பம் வட ஜப்பானின் ஹிரோசாகியைச் சேர்ந்த சாமுராய்க் குடும்பம். தாய்மாமன் நவோதாகே சாத்தோ வெளியுறவுப் பணியில் உயர்ந்தவர். மயேகவா பட்டம் பெற்ற காலத்தில் அவர் பாரீஸில் இருந்தார். இந்த இரண்டு உறவுகளும் பின்னால் நடந்தவற்றோடு நேரடியாகத் தொடர்புடையவை. மாமா பாரீஸில் இருந்ததால்தான் மருமகன் அங்கே போய்த் தங்க முடிந்தது. ஹிரோசாகியில் வேர் இருந்ததால்தான் அந்தச் சிறு நகரம் பின்னாளில் அவருடைய கட்டடங்கள் அதிகம் சேர்ந்த இடங்களில் ஒன்றாயிற்று.

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் 1928 மார்ச் 31 அன்று பட்டம் பெற்ற மயேகவா, அன்றிரவே ஊரை விட்டுக் கிளம்பி சைபீரிய ரயில்பாதை வழியாக ஏப்ரலில் பாரீஸ் சேர்ந்தார். செவ்ரே தெரு 35ஆம் எண்ணில் இருந்த லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் 1930 வரை வேலை பார்த்தார். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வந்த இளைஞர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாமலே உழைத்த இடம் அது. குறைந்த பரப்பில், குறைந்த செலவில், எல்லோருக்கும் கௌரவமான வீடு தர முடியுமா என்பது அன்று அங்கே விவாதிக்கப்பட்ட தலையாய கேள்வி. 1929இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய நவீனக் கட்டடக்கலைஞர்களின் சர்வதேச மாநாடும் அதையே பொருளாக எடுத்துக்கொண்டது. மயேகவாவின் மனத்தில் இந்தக் கேள்விதான் ஆழமாகத் தங்கியது என்பதற்கு அவருடைய பிற்கால வேலைகளே சான்று.

1931: தோற்கப்போவது தெரிந்தே அனுப்பிய வரைபடம்

ஊர் திரும்பியவரை வரவேற்றது வேறொரு சூழல். 1923 காந்தோ பெருநிலநடுக்கத்தில் சேதமடைந்த அருங்காட்சியகத்துக்குப் பதிலாக டோக்கியோவின் உவேனோ பூங்காவில் புதிய இம்பீரியல் அருங்காட்சியகம் கட்டுவதற்கு வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டிருந்தது. ஜப்பானிய ரசனையை அடிப்படையாகக் கொண்ட கீழைநாட்டுப் பாணியில் கட்டடம் அமைய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கான்கிரீட்டால் உடலைக் கட்டி அதன்மேல் கோயிலுக்குரிய ஓட்டுக்கூரையை ஏற்றிவைப்பதே இதற்கு நடைமுறையில் பொருள். மயேகவா அந்த நிபந்தனையைப் புறக்கணித்து, தட்டைக் கூரையும் கண்ணாடிச் சுவரும் கொண்ட வடிவத்தை அனுப்பினார். எதிர்பார்த்தபடியே அது நிராகரிக்கப்பட்டது. வென்றது ஜின் வாத்தானபேயின் வடிவம். அதுவே கட்டப்பட்டு, இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் தலைமைக் கட்டடமாக நிற்கிறது. தோற்ற பிறகு மயேகவா வாய் மூடி இருக்கவில்லை. கான்கிரீட்டுக்கு ஓட்டுக்கூரை வேடம் போடுவது மரபுக்கும் உண்மை இல்லை, பொருளுக்கும் உண்மை இல்லை என்ற வாதத்தைக் கட்டடக்கலை இதழில் கட்டுரையாகவே வைத்தார். இருபத்தாறு வயதில் எடுத்த இந்த நிலைப்பாடு இளைய தலைமுறையிடையே அவருக்குப் பெயரை ஈட்டித் தந்தது.

அதே காலத்தில் அவருக்குக் கட்டும் வாய்ப்பும் கிடைத்தது. பாரீஸில் பழகிய ஹிரோசாகிக்காரர் ஒருவர் வழியாக வந்த கிமுரா தொழில் ஆய்வு நிலையம் 1932இல் முடிந்தது. கட்டுமானம் அளவில் சிறியது. வெண்பூச்சுச் சுவர், நீள் சன்னல், முன்னே நீட்டிய மாடம், மொட்டைமாடி என்று பாரீஸில் கற்றது அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் ஹிரோசாகி ஆண்டுதோறும் கனத்த பனியில் புதையும் ஊர். தட்டைத் தளத்தில் தேங்கிய பனி பகலில் உருகி இரவில் உறையும். உறையும் நீர் பூச்சின் நுண்வெடிப்புகளுக்குள் விரிந்து அவற்றை அகலப்படுத்தும். அடுத்த உருகலில் இன்னும் ஆழமாக இறங்கும். தளம் ஒழுகியது. பின்னாளில் அதன்மேல் சரிவான உலோகக் கூரை ஏற்றப்பட்டது; உறைபனியால் சிதைந்த மாடம் அகற்றப்பட்டது. முதல் கட்டடமே இப்படிப் பாடம் சொன்னது என்பதை இந்த ஆய்வில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால் இதே ஊருக்கு மயேகவா அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வந்து கட்டினார். ஒவ்வொரு முறையும் கூரையும் சுவரும் மாறின. அதைப் பின்னால் பார்ப்போம்.

1930 முதல் 1935 வரை அவர் அன்டோனின் ரேமண்ட் அலுவலகத்தில் பணியாற்றினார். பொஹீமியாவில் பிறந்து, அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் டோக்கியோ இம்பீரியல் விடுதி வேலைக்காக ஜப்பான் வந்து, அங்கேயே தங்கிவிட்டவர் ரேமண்ட். பூச்சு இல்லாத கான்கிரீட்டை வீட்டுச் சுவராக அப்படியே விடும் துணிவு 1920களின் நடுவிலேயே அவருக்கு இருந்தது. ஜப்பானியத் தச்சர்கள் சென்ட்ரிங் பலகைகளை எவ்வளவு துல்லியமாகப் பொருத்துவார்கள், அந்தப் பலகையின் நார் கான்கிரீட்டில் எப்படிப் பதியும் என்பதையெல்லாம் மயேகவா கற்றது இங்கேதான். தமிழ் வாசகர்களுக்கு இந்த அலுவலகத்தோடு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி ரேமண்டின் வடிவமைப்பு. 1937இல் தொடங்கிய அந்தப் பணியைக் களத்தில் நின்று நடத்திய ஜார்ஜ் நகாஷிமா, டோக்கியோ அலுவலகத்தில் மயேகவாவின் சகாவாக இருந்தவர். திறந்து மூடக்கூடிய கிடைப்பலகைகளால் சுவரையே காற்றுவாரியாக மாற்றிய அந்தக் கட்டடமும், மயேகவா பின்னால் யோக்கோஹாமாவில் செய்த வெயில் மறைப்புகளும் ஒரே பள்ளியிலிருந்து கிளம்பியவை.

போர்க்காலம்

1935 அக்டோபரில் மயேகவா சொந்த அலுவலகம் தொடங்கினார். டாங்கே 1938இல் அங்கே சேர்ந்து மூன்றாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். ஆனால் சீனப் போர் தீவிரமாகிக்கொண்டிருந்தது. எஃகு ராணுவத்துக்குப் போயிற்று. ஷாங்காயிலும் பிறகு மஞ்சூரியாவின் முக்டெனிலும் அவர் கிளை அலுவலகங்கள் திறந்தார். ஜப்பானியப் பேரரசு விரிந்த இடங்களில்தான் அன்று வேலை கிடைத்தது. 1943இல் பாங்காக்கில் ஜப்பானியப் பண்பாட்டு மையத்துக்கான போட்டி நடந்தபோது டாங்கே முதல் பரிசும் மயேகவா இரண்டாம் பரிசும் பெற்றனர். மயேகவாவின் வடிவம் பழைய ஜப்பானிய மாளிகையின் சரிவுக்கூரையைத் தாங்கியிருந்தது. 1931இல் மறுத்ததை 1943இல் ஏற்றார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது உண்டு. அதை மென்மைப்படுத்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. போட்டியில் கலந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம். கூரையின் வடிவத்தைவிட, அந்தக் கட்டடம் யாருடைய ஆதிக்கத்தைப் பறைசாற்ற எழுப்பப்பட இருந்தது என்பதே கனமான கேள்வி. அது கட்டப்படவில்லை.

அந்த ஆண்டுகளின் நல்ல வேலை ஒரு சிறு மரவீடு. 1942இல் டோக்கியோவின் ஷினகாவா பகுதியில் தனக்காக அவர் கட்டிக்கொண்டது. போர்க்காலக் கட்டுப்பாட்டின்படி புது வீட்டின் தரைப்பரப்பு சுமார் 100 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் அகன்ற முக்கோணக் கூரை போட்ட நாட்டுப்புற வீடு. உள்ளே போனால் நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு எழும் ஒரே கூடம், தெற்கே முழுச்சுவரையும் நிறைக்கும் சன்னல், பின்புறம் படியேறிச் செல்லும் சிறு மாடி, இரு பக்கமும் படுக்கையறைகள். லெ கொர்பூசியேயின் கூடத்தை ஜப்பானியத் தச்சு வேலையில் அமைத்தது என்று சொல்லலாம். வேடம் எதுவும் அதில் தெரியவில்லை. 1945 மே மாத வான்தாக்குதலில் டோக்கியோவின் கின்சா பகுதியில் இருந்த அலுவலகம் எரிந்துபோக, இந்தக் கூடமே அலுவலகமாயிற்று. 1954 வரை அங்கேயேதான் வரைபலகைகள் இருந்தன. 1973இல் பிரித்து அடுக்கி வைக்கப்பட்ட அந்த வீடு, 1996இல் டோக்கியோ அருகே கோகனேயில் உள்ள எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டட அருங்காட்சியகத்தில் மீண்டும் பூட்டி நிறுத்தப்பட்டது.

சாம்பலில் இருந்து தொழில்நுட்பம்

போர் முடிந்தபோது ஜப்பானில் பல லட்சம் குடும்பங்களுக்கு வீடு இல்லை. மஞ்சூரியாவில் விமானம் கட்டிய நிறுவனமொன்றின் ஆட்கள் தொத்தோரியில் வேலையின்றி இருந்தார்கள். அவர்களையும் கட்டமைப்புப் பொறியாளர் கவோரு ஓனோவையும் சேர்த்துக்கொண்டு, மரப்பலகைச் சுவர்களைத் தொழிற்சாலையில் செய்து தளத்தில் பூட்டும் ‘பிரெமோஸ்’ வீட்டை 1946இல் மயேகவா உருவாக்கினார். 1951 வரை ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் செய்யப்பட்டன. பெரும்பாலானவை ஹொக்காய்டோ, கியூஷு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போயின, ஏனென்றால் அரசு நிதி அன்று நிலக்கரிக்குத்தான் முதலில் பாய்ந்தது. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்கு அதைக் கொண்டுவர முடியவில்லை. வீட்டுக்கடன் ஏற்பாடும் பெரும் எண்ணிக்கையிலான உற்பத்தியும் இல்லாமல் தொழிற்சாலை வீடு மலிவாகாது. அந்த அடித்தளம் அப்போது இல்லை.

இந்தத் தோல்விக்குப் பிறகு மயேகவாவின் பேச்சில் தொழில்நுட்பம் முன்னுக்கு வந்தது. நவீன வடிவத்தைத் தாங்குவதற்குரிய சட்டகம், சன்னல், மூட்டு, நீர்த்தடுப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால்தான் ஜப்பானில் நவீனக் கட்டடக்கலை என்ற ஒன்று உருவாகும் என்பது அவர் முடிவு. தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து உலோகச் சன்னல் சட்டத்தைத் திருத்துவதும், தன் அலுவலகத்திலேயே விவரங்களை முழு அளவில் வரைந்து பார்ப்பதும் வழக்கமாயின. 1952இல் முடிந்த நிஹோன் சோகோ வங்கி அதன் முதல் பெரிய பலன். பற்றவைத்த எஃகுச் சட்டகத்தோடும் இலகு கான்கிரீட்டோடும் எடையைக் குறைத்துக் கட்டப்பட்டது அது. நிலநடுக்க நாட்டில் கட்டடத்தின் எடை குறைந்தால் அதைக் குலுக்கும் விசையும் குறையும். ஆகவே மெல்லிய சுவர் அழகுக்காக மட்டும் வந்ததன்று.

1954இல் யோக்கோஹாமாவில் திறக்கப்பட்ட கனகவா மாகாண நூலகமும் இசையரங்கமும் அவருடைய 1950களின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை. நாடு இன்னும் வறுமையில் இருந்தது. மக்களுக்கு முதலில் சோறும் வீடும் வேண்டும் என்று எதிர்ப்பு எழுந்தும், ஆளுநர் இவத்தாரோ உச்சியாமா பின்வாங்கவில்லை. நூலகத்தின் வாசிப்பறைக்கு வெளியே துளையுள்ள சுடுமண் கட்டிகளை அடுக்கி, முழுச்சுவர் அளவுக்கு ஒரு ஜாலி எழுப்பப்பட்டிருக்கிறது. வெயில் கண்ணாடியில் விழுவதற்கு முன்பே அதில் உடைந்து, புத்தகங்களின்மேல் மெல்லிய வெளிச்சமாக மட்டும் இறங்குகிறது. ஒட்டி நிற்கும் இசையரங்கத்தின் உட்சுவர் முழுக்க மரம். பொதுப்பணத்தில் இசைக்கென்றே எழுந்த ஜப்பானின் முதல் அரங்கம் இதுவென்பார்கள். அதன் ஒலித்தெளிவு இன்றும் பாராட்டப்படுகிறது. அடுத்த ஆண்டு ஜுன்சோ சகாகுரா, ஜுன்சோ யோஷிமுரா இருவரோடும் சேர்ந்து டோக்கியோவில் ஜப்பான் சர்வதேச இல்லத்தைக் கட்டினார்.

1958இல் டோக்கியோ வளைகுடாவை ஒட்டி மீட்ட நிலத்தில் எழுந்த ஹரூமி அடுக்ககம், பாரீஸில் மனத்தில் விழுந்த பழைய கேள்விக்கு அவர் தந்த விடை. பத்து மாடி, 169 வீடுகள். நடைகூடம் 3, 6, 9 ஆகிய தளங்களில் மட்டும். மின்தூக்கியும் அங்கேதான் நிற்கும். மற்றத் தளத்தினர் ஒரு மாடி ஏறியோ இறங்கியோ வீடு சேர வேண்டும். இதனால் நடைகூடம் இல்லாத தளங்களில் வீட்டின் இரு பக்கமும் காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. மூன்று தள உயரமும் இரண்டு வீட்டு அகலமும் கொண்ட பெருஞ்சட்டங்களாக எலும்புக்கூட்டை அமைத்து, ஆறு வீடுகளை ஒரு சட்டத்துக்குள் வைத்தார்கள். வருங்காலத்தில் குடும்பங்களுக்குப் பெரிய வீடு தேவைப்பட்டால், தூண் உத்தரத்தைத் தொடாமல் உட்சுவர்களை எடுத்துவிட்டு இரண்டை ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்பது எண்ணம். உள்ளே தத்தாமி பாய் விரித்த அறைகள். வெளியே தடித்த வெற்றுக் கான்கிரீட்.

உவேனோவில் இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே

உவேனோ ரயில்நிலையத்தின் பூங்கா வாசலில் இறங்கினால், இடப்பக்கம் மயேகவாவின் டோக்கியோ பண்பாட்டு அரங்கம். வலப்பக்கம் லெ கொர்பூசியேயின் தேசிய மேலைக்கலை அருங்காட்சியகம். பிந்தையது 1959இல் திறக்கப்பட்டது. லெ கொர்பூசியே ஜப்பானுக்கு ஒரே முறைதான், 1955இல் வந்தார். அவர் அனுப்பிய வரைபடங்கள் மிகச் சிலவே. அவற்றைக் கட்டும் அளவுக்கு விரித்து, அளவிட்டு, களத்தில் நின்று முடித்தவர்கள் அவரிடம் பயின்ற மயேகவா, சகாகுரா, தகமாசா யோஷிசாகா ஆகிய மூவர். 2016இல், லெ கொர்பூசியேயே வடிவமைத்த சண்டிகர் கேப்பிட்டல் வளாகத்தோடு ஒரே பட்டியலில் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று.

பண்பாட்டு அரங்கம் 1961 ஏப்ரலில் திறந்தது. பெரிய அரங்கில் 2,303 இருக்கைகள், சிறிய அரங்கில் 649. குருவின் கட்டடம் எதிரே தாழ்ந்து அமர்ந்திருக்க, இத்தனை பெரிய அரங்கம் அதை மறைத்து நிற்கக்கூடாது என்பது மயேகவாவின் முதல் கவலையாக இருந்தது. கூரையின் விளிம்பை அருங்காட்சியகத்தின் விளிம்பு உயரத்துக்கு இணங்க வைத்து, அந்த விளிம்பை அகன்ற கான்கிரீட் இறவாரமாக வெளியே நீட்டி, நுனியை மேல்நோக்கி வளைத்தார். திரைகளை மேலே ஏற்றிவைக்கும் மேடைக் கோபுரம் அதற்கு மேலே பின்தள்ளி நிற்கிறது. ஓட்டுக்கூரை வேண்டாம் என்று 1931இல் சொன்னவர் முப்பதாண்டு கழித்துக் கான்கிரீட்டில் இறவாரம் போட்டிருக்கிறார் என்பதில் முரண் இல்லை. ஓட்டின் உருவத்தை அவர் விட்டுவிட்டார். மழையைச் சுவரிலிருந்து தள்ளிப்பிடிக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். மழை நாட்டில் இறவாரம் இல்லாத சுவர் கறைபடும் என்பதை ஹிரோசாகி முதல் ஹரூமி வரை அவர் கண்ணால் கண்டிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் விரியும் முன்கூடம் கட்டணம் கட்டாதவர்க்கும் ஒரு பூங்காத் தொடர்ச்சியாக அமைந்திருக்கிறது. தூண்கள் காட்டு மரங்கள்போல் ஒழுங்கு கலைந்து நிற்கின்றன; கருநீலக் கூரையில் சிறு விளக்குகள் விண்மீன்களாகச் சிதறியிருக்கின்றன; தரை ஓடுகள் உதிர்ந்த இலைகளின் வடிவம். பெரிய அரங்கின் இரு சுவர்களிலும் ரியோகிச்சி முக்காய் செதுக்கிய மரச் சிற்பங்கள், ஒலியைச் சிதறடித்துப் பரப்பும் வேலையையும் செய்கின்றன. இருக்கைகளில் பெரும்பாலானவை சிவப்பு. இடையிடையே மஞ்சளும் நீலமும் பச்சையும் தெளித்தாற்போல். கூட்டம் குறைந்த மாலையிலும் அரங்கு வெறிச்சோடித் தெரியாமல் இருக்க இது உதவுகிறது. மேடையில் நிற்கும் கலைஞருக்கு இதன் அருமை தெரியும்.

கான்கிரீட்டை நம்பாமல் போன காலம்

1960களில் ஜப்பானின் நகரக் காற்று கெட்டது. பூச்சில்லாத கான்கிரீட் சுவர்களில் வெடிப்பு, கறை, துரு மூன்றும் சேர்ந்து தெரிந்தன. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் ஊறி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. காரம் குறைந்த பகுதி கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துரு இடம் கேட்டு விரிந்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து உதிர்க்கிறது. கம்பிக்கு மேல் விடும் ‘கவர்’ குறைந்த இடங்களில் இது விரைவாக நடக்கும். பம்ப் வைத்துக் கலவை ஏற்றும் வழக்கம் பரவியபோது, கலவை இளகுவதற்காகத் தண்ணீரைக் கூட்டியதும் சேர்ந்துகொண்டது. வெற்றுக் கான்கிரீட்டின் வீச்சில் உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்த நாட்டில், அதில் முன்னோடியான ஒருவர் அதைக் கைவிட முடிவெடுத்தார். இதை நான் அவர் வாழ்வின் மிகத் துணிவான முடிவாகப் பார்க்கிறேன்.

அதற்கு அவர் அலுவலகம் வளர்த்தெடுத்த வழி, டைலைச் சேர்த்தே வார்ப்பது. வழக்கமான முறையில் சுவர் எழும்பி உலர்ந்த பிறகு கலவை பூசி டைல் ஒட்டுவார்கள்; ஆண்டுகள் போனால் அது கழன்று விழும். மயேகவாவின் முறையில், தடிமனான சுடுமண் டைல்கள் முதலில் சென்ட்ரிங் பலகையின் உட்புறத்தில் ஆணியால் பொருத்தப்படுகின்றன. டைலின் முதுகில் புடைத்த விளிம்புகள் இருக்கும். பிறகு கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றும்போது கலவை அந்த விளிம்புகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பலகையைப் பிரித்தால் டைலும் சுவரும் ஒரே உடலாக நிற்கும். அருகில் போய்ப் பார்த்தால் டைல்களில் ஆணி போன சிறு துளைகள் தெரியும். அவற்றை மறைக்க அவர் முயலவில்லை. இந்த முறையில் தவறுக்கு இடமே இல்லை, ஏனென்றால் ஊற்றி முடித்த பிறகு கோணிய டைலைத் திருத்த முடியாது. எனவே ஒவ்வொரு சுவரும் டைல் எண்ணிக்கையால் முன்கூட்டியே வரையப்பட்டது. சன்னலும் மூலையும் அந்தக் கணக்குக்குள் வந்து விழுந்தன. 1966இல் முடிந்த சைத்தாமா அரங்கத்திலிருந்து இந்தச் செங்காவிச் சுவர்கள் அவர் கையெழுத்தாகவே ஆயின.

ஹிரோசாகியில் இந்த மாற்றம் முழுவதையும் ஒரு நடையில் பார்த்துவிடலாம். 1932க்கும் 1983க்கும் இடையில் எழுந்த எட்டுக் கட்டடங்கள் அங்கே இருந்தன. ஆய்வு நிலையத்தின் மெல்லிய வெண்சுவருக்குப் பிறகு, 1958இன் நகராட்சி அலுவலகத்தில் ஆழமான கான்கிரீட் இறவாரங்கள் ஒவ்வொரு தளத்திலும் சுவரைக் காக்கின்றன. 1964இன் நகர மக்கள் அரங்கத்தில் பலகை நார் பதிந்த வெற்றுக் கான்கிரீட் இன்னும் இருக்கிறது. 1976இல் முடிந்த நகர அருங்காட்சியகத்தில் சுவர் முழுக்க வார்த்த டைல். 1983இன் தகன மண்டபத்துக்கு வரும்போது மொட்டைமாடி முற்றிலும் மறைந்து, பனி வழுக்கி இறங்கும் சரிவுக்கூரை தலைமை வடிவமாகவே ஆகிவிடுகிறது. ஒரே ஆள் ஒரே தட்பவெப்பத்துக்குத் தந்த விடைகள் இப்படி ஓர் ஊருக்குள் வரிசையாகக் கிடைப்பது அரிது. கட்டடக்கலை மாணவர்கள் டோக்கியோவுக்கு முன்னால் இங்கே போக வேண்டும் என்பேன்.

1975இல் உவேனோவிலேயே அவர் கட்டிய டோக்கியோ பெருநகரக் கலை அருங்காட்சியகத்தில், பூங்கா மரங்களுக்கு மேல் எழாமல் இருப்பதற்காகக் கட்டடத்தின் பெரும்பகுதி நிலத்துக்கடியில் இறக்கப்பட்டது. பார்வையாளர் தாழ்ந்த முற்றத்தில் இறங்கித்தான் நுழைகிறார். உட்புறக் கான்கிரீட்டின் மேல்தோலைக் கொத்தர்கள் கையால் கொத்தி எடுத்து, உள்ளிருக்கும் ஜல்லியை வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள். தடவினால் கல்லைத் தொடுவதுபோல் இருக்கும்.

அரண்மனைக்கு எதிரே ஒரு கோபுரம்

டோக்கியோ மாருனோஉச்சி பகுதியில் கட்டட உயரம் நெடுங்காலமாக 31 மீட்டரில் நின்றிருந்தது. 1963இல் சட்டம் மாறி உயரக் கட்டுப்பாடு தளர்ந்தது. டோக்கியோ மரைன் காப்பீட்டு நிறுவனத்துக்காக மயேகவா வரைந்தது 30 மாடி, ஏறத்தாழ 130 மீட்டர் உயரம். இடம் இம்பீரியல் அரண்மனையின் அகழிக்கு நேர் எதிரே. பேரரசரின் இருப்பிடத்தை மேலிருந்து பார்க்கும் கட்டடமா என்ற எதிர்ப்பு கிளம்பி, அழகியல் விவாதமாகவும் அரசியல் விவகாரமாகவும் வளர்ந்தது. 1967இல் மாநகர நிர்வாகம் அனுமதி மறுத்தது. பிரதமர் எய்சாகு சாத்தோவும் எதிர்ப்பின் பக்கம் இருந்தார். மயேகவா தன் தரப்பை வெளிப்படையாக வைத்தார்: நிலத்தை முழுக்க அடைத்துக் கட்டும் தாழ்ந்த பெட்டிகளால் நகரத்து மனிதருக்கு ஒரு சதுர அடி வெளியும் மிஞ்சுவதில்லை; உயர்த்திக் கட்டினால் கீழே மரமும் முற்றமும் விடலாம். கடைசியில் 25 மாடியாகவும் 99.7 மீட்டராகவும் குறைத்துக்கொண்டு 1974இல் முடிந்தது. நூறு மீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் குறைவு என்ற அந்த அளவே சமரசத்தின் தன்மையைச் சொல்லிவிடுகிறது. தூணும் உத்தரமும் வெளியே நீண்டு, கண்ணாடி உள்ளே தள்ளி அமர்ந்த அந்தச் செங்காவிக் கோபுரம், சுற்றியுள்ள கண்ணாடிப் பெட்டிகளிடையே கனம் கொண்டு நின்றது.

1986 ஜூன் 26 அன்று, 81 வயதில், மயேகவா காலமானார். ஜப்பான் கட்டடக்கலை நிறுவனத்தின் பெரும்பரிசை 1968இல் முதன்முதலாகப் பெற்றவர் அவர்.

மழைக்குத் தப்பியவை

இப்போது இந்த நிகழ்வின் வலிக்கும் பகுதி. ஹரூமி அடுக்ககம் 1997இல் இடிக்கப்பட்டது, வயது 39. உட்சுவர்களை எடுத்து வீடுகளை இணைத்துக்கொள்ளலாம் என்று தொலைநோக்கோடு போட்ட பெருஞ்சட்டகம் அதற்காக ஒருமுறைகூடப் பெரிய அளவில் பயன்படவில்லை. நிலத்தின் விலை அதற்குள் கட்டடத்தின் விலையைத் தாண்டிவிட்டது. அதன் சில வீடுகள் மட்டும் பெயர்த்தெடுக்கப்பட்டு அருங்காட்சியகப் பொருளாக உள்ளன. 1960இன் கியோத்தோ அரங்கம், உள்ளூர்வாசிகளும் கட்டடக்கலைஞர்களும் எதிர்த்தும், 2012க்குப் பிறகு பெரிய அரங்கை இழந்து புதுப் பெயரோடு 2016இல் திறந்தது. டோக்கியோ மரைன் கோபுரத்தை இடிக்கும் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஐம்பது ஆண்டுகூட நிறையாமல் அது போயிற்று. வார்த்த டைல் கழன்றதாலோ கம்பி துருப்பிடித்ததாலோ இந்த முடிவு வரவில்லை. மழைக்கும் பனிக்கும் மயேகவா கண்டுபிடித்த விடைகள் வேலை செய்தன. மனை மதிப்புக்கு ஒரு கட்டடக்கலைஞரால் வரைபலகையில் விடை தர முடியாது.

தப்பியவற்றின் கதை இதற்குச் சமமாகக் கவனிக்கத்தக்கது. கனகவா நூலகமும் இசையரங்கமும் 1990களில் மறுவளர்ச்சித் திட்டத்தில் அகப்பட்டபோது, அங்கே பாடியவர்களும் இசைக்குழுவினரும் கட்டடக்கலைஞர்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். பொருளாதார மந்தமும் சேர்ந்து திட்டம் கிடப்பில் போயிற்று. 2022இல் மாகாணம் நூலகத்துக்குப் புதிய தலைமைக் கட்டடத்தைப் பக்கத்திலேயே எழுப்பி, பழையதை மயேகவாவின் பெயராலேயே அழைக்கத் தொடங்கியது. உவேனோ அரங்கமும் ஹிரோசாகி நகராட்சி அலுவலகமும் நிலநடுக்கத் தாங்குதிறன் கூட்டப்பட்டுப் பயன்பாட்டுக்காகத் தக்கவைக்கப்பட்டன. இவை நிலைத்ததில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது: உரிமையாளர் அரசோ நகராட்சியோ ஆக இருப்பதோடு, அந்தக் கட்டடத்துக்குள் ஆண்டுக்கணக்கில் வாசித்தும் பாடியும் வரி கட்டியும் வந்தவர்கள் அதைத் தங்களுடையது என்று உரிமையோடு பேசத் தயாராக இருந்தார்கள். டோக்கியோ மரைன் கோபுரத்துக்குக் குரல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கட்டடக்கலைஞர்கள் மட்டுமே.